ஏழு கிம் சுன்ஜாக்கள்

நிவாரண அலுவலகத்திலிருந்து வந்த அந்த இளைஞனிடம் எல்லாரும் பொய்ப் பெயர்தான் சொன்னார்கள் என்று ஒக்வா நினைத்துக்கொண்டிருந்தாள். கூடிப் பேசிச் செய்ததல்ல. கடலிலிருந்து ஏறி வந்து, காற்று படாத கல்வளையத்துக்குள் நெருப்பைச் சுற்றி நின்று முப்பத்தோரு பெண்களும் உடம்பைக் காய்ச்சிக்கொண்டிருந்த நேரம். மின் என்ற அந்த இளைஞன் ஒரு பலகையை முழங்காலில் வைத்து, பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டு, "ஒவ்வொருத்தரா பேர் சொல்லுங்கம்மா" என்றான்.

முதலில் நின்றவள் ஒரு பெயரைச் சொன்னாள். அது அவளுடைய பெயரல்ல. அடுத்தவளும் அப்படியே. ஒருத்தி தன் குதிரையின் பெயரைச் சொன்னாள். எல்லாருக்கும் தலைவியான கும்வோல், தான் வழக்கமாக மூழ்கும் பாறையின் பெயரைச் சொன்னாள். சட்டென்று எதுவும் தோன்றாதவர்கள் கிம் சுன்ஜா என்றார்கள். நாட்டில் எந்தச் சந்தையில் நின்று கூப்பிட்டாலும் நான்கு பேர் திரும்பிப் பார்க்கும் பெயர் அது. ஒக்வாவும் கிம் சுன்ஜா என்றுதான் சொன்னாள். மின் எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டு, தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனான்.

அவர்கள் கேட்டது ஒரு கொட்டகை.

போன வசந்தத்தில் பாசி அறுவடை தொடங்கிய மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடவில்லை. ஊரே மூச்சைப் பிடித்து மூழ்கி அறுத்துக் கரையேற்றி, பாறைமேலும் கற்சுவர்மேலும் விரித்திருந்த பாசி, கண்ணெதிரே வழவழத்துக் கறுத்து நாறியது. வியாபாரியின் படகு வந்து பார்த்துவிட்டு, இறங்காமலே திரும்பிப் போனது. அந்த வருஷம் முழுக்கச் சர்க்கரைவள்ளிக் கிழங்கை மட்டும் தின்றார்கள். கிழங்கு தீர்ந்தபின் அதன் காய்ந்த கொடியைத் தின்றார்கள்.

அதனால், பெண்களே சேர்ந்து ஏதாவது தொழில் செய்ய உதவுகிறோம், தையல் எந்திரம் தரட்டுமா என்று அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கேட்டபோது தல்லேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரில் எந்தப் பேச்சும் அவள் வாயைத் தொடாமல் போனதில்லை.

"உடுத்தியிருக்கறது ஒண்ணு, காயப்போட்டது ஒண்ணு. எதை ஐயா தைக்கச் சொல்றீங்க? கடலையா?"

"கூரை குடுங்க," என்றாள் கும்வோல். "தகரக் கூரை, சிமெண்டுத் தரை. சுத்தி நாலு பக்கமும் காத்து நுழையணும். பாசியை உள்ள இழுத்துப் போட்டுட்டா, மழை அதுபாட்டுக்குப் பெய்யட்டும். எங்க கட்டறது, எவ்வளவு நீளம், கல்லை யார் சுமக்கறதுன்னெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

அலுவலகம் சரி என்றது. அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. சங்கம் என்று ஒன்று இருக்க வேண்டும், அதில் இருப்பவர்களின் பெயர் வேண்டும் என்றார்கள். அதற்காகத்தான் மின் வந்ததும், பலகையை முழங்காலில் வைத்ததும், கும்வோல் பாறையானதும்.

இரண்டு மாதம் கழித்து, வந்து பொருளை எடுத்துக்கொள்ளலாம் என்று தகவல் வந்தது. எட்டுப் பெண்கள் இரண்டு குதிரைவண்டி கட்டிக்கொண்டு நகரத்துக்குப் போனார்கள். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஒவ்வொருத்தியின் அடையாள அட்டையையும் வாங்கிப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். எட்டில் ஒன்றுகூட ஒத்துவரவில்லை. வண்டிகள் வெறுமையாகத் திரும்பின.

மூன்றாம் நாள் மின் நடந்தே ஊருக்கு வந்தான். அது இரண்டாம் மாதத்து ஒன்பதாம் நாள். காற்றுத் தெய்வம் கடலில் இருக்கும் நாட்கள் அவை. அவள் முதல் நாள் வந்து, கரையோரமாகவே நடந்து, சிப்பிகளின் உள்ளிருப்பதைத் தின்று ஓடுகளை மட்டும் விட்டு, போகும் வழியெல்லாம் பாசிவிதை தூவி, பதினைந்தாம் நாள் புறப்படுவாள். அதுவரை யாரும் கடலில் இறங்குவதில்லை. ஆகவே எல்லாரும் ஊரில்தான் இருந்தார்கள். தப்பிக்க வழியில்லை.

"ஒரே ஊர்ல ஏழு கிம் சுன்ஜாவா?" என்றான் மின். கோபம் இருந்தது, களைப்பு அதைவிட அதிகமாக இருந்தது. அவன் காலணிக்குள் தண்ணீர் சளசளத்தது. "எங்க மேலதிகாரி என்னைக் கேக்கறாரு, நீ போனது ஊருக்கா, சுன்ஜாக்கள் மடத்துக்கான்னு."

"கிம் சுன்ஜா நல்ல பேர்தானே தம்பி," என்றாள் தல்லே.

"நல்ல பேருதான். ஒண்ணு இருந்தா." அவன் உட்கார்ந்தான். "அம்மா, இதோ பாருங்க. இது உங்க கொட்டகை. நான் மறுபடி எழுத மாட்டேன். நான் எழுதினா அது நீங்க சொன்னது, அவ்வளவுதான். சங்கமே தன் கையால எழுதிக் குடுக்கணும்னு உத்தரவு. சரியான பேரு, அட்டையில இருக்கற பேரு, பக்கத்துல கைநாட்டு. பதினஞ்சாம் தேதிக்குள்ள வந்துட்டா பதினாறாம் தேதி லாரி இங்க வரும். வரலேன்னா அடுத்த ஊருக்குப் போகும். அவங்களும் கூரைதான் கேட்டிருக்காங்க."

ஏழு வருஷமாக ஒரு விஷயத்தைச் சொல்லாமலே பழகிவிட்ட ஊர் அது. வெளியூர்க்காரனிடம் அதை எங்கே தொடங்குவது?

இப்போது சொல்லலாம். ஏழு வருஷத்துக்கு முன் ஊர் இங்கே கரையில் இல்லை, மேலே சரிவில் இருந்தது. ஒக்வாவின் கணவன் கிஹோ தானியக் கொட்டிலில் இரவுப் பள்ளி நடத்தினான். பகலில் உழுகிறவர்கள், மாடு மேய்க்கிறவர்கள், பத்தொன்பது பேர், மாலையில் வந்து எழுத்துக் கற்றார்கள். கிஹோவின் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஆகவே வருகைப் பதிவேட்டை ஒக்வாதான் எழுதினாள். அவளுடைய அப்பா சிறுவயதிலேயே அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். அச்சில் வார்த்தது போன்ற எழுத்து.

அந்தக் குளிர்காலத்தில் அரசை எதிர்த்து மலையில் ஒளிந்திருந்தவர்களைத் தேடிப் படைகள் வந்தன. வீடு வீடாகத் துழாவியவர்கள் கையில் பதிவேடு கிடைத்தது. அதைக் கலகக்காரர்களின் பட்டியலாக எடுத்துக்கொண்டார்கள். கொட்டிலுக்கு முன்னாலிருந்த திடலில் ஊரையே உட்காரவைத்து, ஒருவன் மேசைமேல் ஏறி நின்று பெயர்களை வாசித்தான். முதல் பெயர் ஆசிரியருடையது. கிஹோ எழுந்தான். மற்றவர்களும், இரவுப் பள்ளியில் பழகியிருந்தபடியே, பெயர் கேட்டதும் "இருக்கேன்!" என்று சொல்லிச் சொல்லி எழுந்தார்கள். கும்வோலின் மகன் தோங்சிக் பதினோராவது. அவனுக்கு வயது பதினெட்டு. அவன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னான். அவர்களைத் தினைக்காட்டுக்கு அப்பால் கூட்டிப்போனார்கள். திரும்பவில்லை. அன்று மாலைக்குள் ஊரும் எரிந்தது.

மேசைமேல் நின்றவன் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. ஒக்வாவின் எழுத்து அவ்வளவு தெளிவாக இருந்தது.

அதற்காக யாரும் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. கரைக்கு இறங்கி வந்து கற்சுவர் கட்டியபோது, கூடவே கல் சுமந்தார்கள். அவளுடைய கைக்குழந்தையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டார்கள். கடலில் அவளுக்குத் துணையாக கும்வோலே வந்தாள். கடலில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூழ்கி எழுகிறவள் அடக்கிவைத்த மூச்சை விசிலாக விடுவாள், அந்த விசிலை வைத்துத்தான் ஒருத்தி இருப்பது மற்றவளுக்குத் தெரியும். ஒவ்வொருத்திக்கும் ஒரு சத்தம். கும்வோலுடையது நீண்டு, கடைசியில் சற்று உடையும். ஏழு வருஷமாக ஒக்வா அதைக் கேட்டு வருகிறாள். அந்த விசிலில் ஒரு குறையும் இருந்ததில்லை. ஆனாலும் அவள் அன்றைக்குப் பிறகு ஒரு எழுத்தும் எழுதவில்லை.

எழுதக்கூடிய மற்றவர்கள் எல்லாரும் அன்று எழுந்து போனவர்களில் இருந்தார்கள். ஊர்த் தலைவருக்கு முத்திரை குத்த மட்டும் தெரியும். இறந்தவர் நாளில் படையலுக்கு முன்னால் அவர் பெயரை எழுதிய காகிதத்தை நிறுத்தி வணங்கி, பிறகு எரித்துவிடுவது வழக்கம். எழுத ஆளில்லாததால் ஊரில் எல்லா வீட்டிலும் வெறுங்காகிதத்தை நிறுத்தினார்கள். வெறுங்காகிதத்தை வணங்கினார்கள், வெறுங்காகிதத்தை எரித்தார்கள். ஒக்வாவும் அப்படித்தான் செய்தாள்.

மின் அன்று புறப்படும் முன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். அவள் வலைப்பையின் கண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான்னு தலைவர் சொன்னாரு."

"தெரிஞ்சிருந்துச்சு."

அவன் சுவரில் சாய்ந்து ஒரு காலணியைக் கழற்றித் தண்ணீரைக் கவிழ்த்தான். "உங்களுக்கு என்ன பயம்னு எனக்கு முழுசா தெரியாதும்மா. கொஞ்சம் கேள்விப்பட்டிருக்கேன். நான் வடக்குல இருந்து ஓடி வந்தவன். ஓடும்போது பாலத்துக்குப் பக்கத்துல எங்கம்மா கையை விட்டுட்டேன். கூட்டம். அஞ்சு வருஷமாச்சு. எந்த முகாமுக்குப் போனாலும் சுவத்துல பட்டியல் ஒட்டியிருப்பாங்க. வரிவரியா விரல் வச்சுப் படிப்பேன். பட்டியல்ல பேர் இருந்தா உயிரோட இருக்காங்கன்னு அர்த்தம்."

"எங்க ஊர்ல அதுக்கு வேற அர்த்தம் தம்பி."

அவன் அடுத்த காலணியைக் கழற்றவில்லை. பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சுவர்மேல் வைத்தான்.

"உருண்டு விழுந்துடும்," என்றாள் ஒக்வா.

"விழாது. கல்லுக்கு நடுவுல வச்சிருக்கேன்."

அவன் போன பிறகு அவள் அந்தப் பென்சிலைத் தொடவில்லை. அடுத்த நான்கு நாளும் அது அங்கேயே இருந்தது. தண்ணீர்க் குடத்தை முதுகில் சுமந்து கிணற்றுக்குப் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை அதைப் பார்ப்பாள். காற்றுத் தெய்வத்தின் நாட்களில் அடிக்கிற காற்றுக்கு வேலியே பறக்கும். பென்சில் பறக்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் மதியம் கும்வோல் எல்லாரையும் கல்வளையத்துக்கு வரச் சொன்னாள். நெருப்பு மூட்டியிருந்தது. ஊர்த் தலைவர் முத்திரைப் பையோடு ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். இத்தனை பெண்களுக்கு நடுவில் கைகால்களை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"கொட்டகை வேணுமா, வேணாமா?" என்றாள் கும்வோல்.

"வேணும்."

"அப்ப பேர் குடுக்கணும்."

நெருப்பில் ஒரு கட்டை சரிந்தது.

"பேர் குடுத்துட்டு, நாளைக்கு வேற யாராவது வந்து அதே பட்டியலை எடுத்து வாசிச்சா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அதைக் கேட்டவள் தன் இரண்டு தம்பிகளையும் இழந்தவள்.

"பாசி வித்துத் தின்னாத்தான் நாளைக்குன்னு ஒண்ணு இருக்கும்," என்றாள் தல்லே. அதைச் சிரிக்காமல் சொன்னாள். "போன வருஷம் எம் பொண்ணு கொடியைத் தின்னுட்டு வாந்தி எடுத்தா. நான் குடுக்கறேன் என் பேரை. எழுதறது யாரு?"

முப்பது பேரில் ஒருத்திகூட ஒக்வாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏழு வருஷமாக அவர்கள் அவளுக்குச் செய்து வந்த உபகாரம் அது. அன்றைக்கு அதைத் தாங்குவதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"ஹேசூன் படிக்கறாளே," என்றார் தலைவர் மெல்ல. ஹேசூன் ஒக்வாவின் மகள், எட்டு வயது, பக்கத்து ஊர்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. "சின்னப் புள்ள எழுதினா என்ன? எழுத்து எழுத்துதானே."

ஒக்வா வாயைத் திறப்பதற்குள் யாரோ எழுந்து போய்க் குழந்தையைக் கூட்டி வந்துவிட்டார்கள். ஹேசூன் கையில் சுவர்மேலிருந்த பென்சில் இருந்தது. வரும் வழியில் எடுத்துக்கொண்டாளாம். பெரியவர்கள் எல்லாரும் தன்னை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, பலகைமேல் தாளை நேராக்கி, பென்சில் முனையை நாக்கில் நனைத்துக்கொண்டாள்.

"யாரு மொதல்ல?"

எல்லாரும் நெருப்பையே பார்த்தார்கள்.

"யாரும் வரலேன்னா எங்கம்மா பேரை மொதல்ல எழுதறேன்," என்று எழுதத் தொடங்கினாள்.

ஒக்வா அந்தக் கையைப் பார்த்தாள். ஒன்று என்று இலக்கமிட்டு, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, கோடு சாயாமல், வட்டம் நசுங்காமல், முதல் எழுத்து தாளில் இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் தடுமாறாமல் வாசிக்கக்கூடிய எழுத்து. தன்னுடைய எழுத்து. அதை அவள் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது எப்படியோ வந்திருந்தது.

அவள் எழுந்து நெருப்பைச் சுற்றிக்கொண்டு வந்தாள். குழந்தையின் விரல்களிலிருந்து பென்சிலை ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள்.

"நீ எழுத வேண்டாம்."

"ஏம்மா? நல்லாத்தானே எழுதறேன்?"

"நல்லாத்தான் எழுதற. அதனாலதான்." அவள் மகளை எழுப்பித் தன் இடத்துக்கு அனுப்பிவிட்டு அங்கே உட்கார்ந்தாள். "நாளைக்கு இதுல ஏதாவது வந்தா, அது என் கையோட போகட்டும். ஒரு கைக்கு மேல வேணாம்."

மகள் தொடங்கியிருந்ததை அடித்துவிட்டு, கீழே தன் பெயரை எழுதினாள். மூன் ஒக்வா. கை நடுங்கியது. ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் போனது. கோழி கிளறியது போல. கிஹோ பார்த்திருந்தால் இதை நான்தான் எழுதினேன் என்று சத்தியம் செய்திருப்பான். அவள் அதை அழிக்காமல் விட்டாள். கட்டைவிரலில் கரி தடவிப் பக்கத்தில் ஒற்றினாள்.

"அடுத்தது யாரு?"

"நான்தான் சொல்லிட்டேனே," என்று தல்லே முன்னால் வந்து உட்கார்ந்தாள். "யாங் தல்லே. அட்டையிலயும் அதுதான். அழகா எழுது. போன தடவ குதிரை பேரைக் குடுத்தேன், அதுக்கு இன்னும் கோவம் தீரல."

சிரிப்பு ஒரு சுற்று வந்து போனது. அதன் பிறகு வரிசை நகர்ந்தது. விசித்திரமான வரிசை. 'இன்னார் அம்மா', 'இன்ன வீட்டுக்காரி' என்று இருபது வருஷம் கூப்பிட்டுக்கொண்டவர்கள், அன்றைக்குத்தான் ஒருத்தியின் பெயரை ஒருத்தி கேட்டார்கள். கல்யாணமானதிலிருந்து தன் பெயரை வாய்விட்டுச் சொல்லியிராத ஒருத்தி, சொல்லும்போது சட்டைக் கையால் வாயை மூடிக்கொண்டாள். தம்பிகளை இழந்தவள் நெடுநேரம் தள்ளியே நின்றாள். பிறகு வந்து பெயரைச் சொன்னாள். ஒக்வா எழுதி முடிக்கும்வரை பென்சில் முனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இருபத்தெட்டாவதாக வந்தவள் ஊர்க் கோடியில் கோழி வளர்ப்பவள். எதற்கெடுத்தாலும் பயப்படுவாள். எல்லாரும் அவளைக் கோழிவீட்டுக்காரி என்பார்கள்.

"கிம் சுன்ஜா," என்றாள்.

"உண்மையான பேரைச் சொல்லுக்கா."

"கிம் சுன்ஜா."

"அட, அட்டையில இருக்கற பேரு..."

அவள் அட்டையை நீட்டினாள். கிம் சுன்ஜா என்றுதான் இருந்தது.

"அடிப்பாவி!" என்றாள் தல்லே. "அப்ப அன்னிக்கு நீ நெசத்தையா சொன்ன?"

"பயத்துல எனக்குப் பொய்யே வரலடி," என்றாள் கோழிவீட்டுக்காரி, அழுகிற குரலில். "எல்லாரும் என் பேரையே சொன்னீங்க. நான் என்ன பண்ணட்டும்?"

ஊர்த் தலைவர் முத்திரைப் பையால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். கல்வளையமே குலுங்கியது. ஒக்வாவும் சிரித்தாள். அந்தப் பெயரை எழுதும்போது அவள் கையில் நடுக்கம் இல்லை என்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தாள்.

கடைசியாக கும்வோல் வந்தாள்.

அவள் உட்கார்ந்ததும் பெயரைச் சொல்லவில்லை. சட்டையின் உள்பையில் கைவிட்டு, எண்ணெய்த்தாளில் மடித்த ஒன்றை எடுத்துப் பிரித்தாள். உள்ளே பழுப்பேறிய ஒரு துண்டுத்தாள். மடித்த இடங்களில் நைந்திருந்தது.

"இதுல எது மேல், எது கீழ்?" என்று கேட்டாள்.

ஒக்வாவுக்குப் புரியவில்லை.

"தோங்சிக் கொண்டுவந்தது. அவன் பேரு இருக்குன்னு சொன்னான். மத்தது எல்லாம் வீட்டோட போயிடுச்சு, இது என் சட்டையில இருந்துச்சு. அவன் நாள்ல எல்லாரும் வெறுங்காகிதத்தை வைக்கறாங்க, நான் இதை வைக்கறேன். எரிக்கறதில்ல. எரிச்சா இன்னொண்ணுக்கு எங்க போறது?" அவள் தாளை இப்படியும் அப்படியும் திருப்பினாள். "எந்தப் பக்கம் மேலன்னுதான் தெரியல. ஒரு வருஷம் இப்படி வைப்பேன், அடுத்த வருஷம் திருப்பி வைப்பேன். ஒரு தடவையாவது சரியா இருக்கட்டும்னு. உன்னைக் கேக்கலாம். ஆனா கேக்கணும்னு நினைக்கறப்ப உன் முகத்தைப் பாத்தா, கேக்க மனசு வராது."

ஒக்வா தாளை வாங்கினாள். எழுத்துப் பழகுவதற்காக அவள் எழுதிக் கொடுத்த மாதிரித்தாள். மேல்வரியில் அச்சுப் போன்ற எழுத்தில் கோ தோங்சிக். அதன் கீழே நான்கு வரி.

"இதுதான் மேல்," என்றாள். "பெரியம்மா, மேல இருக்கற ஒரு வரிதான் நான் எழுதினது. கீழ இருக்கற நாலு வரி அவன் எழுதினது."

"யாரு?"

"தோங்சிக். அதைப் பாத்து இவன் எழுதியிருக்கான். நாலு தடவ. இதோ, இது முதல் தடவ. இது நாலாவது."

கும்வோல் அந்தத் தாளை ஏழு வருஷம் நெஞ்சோடு வைத்திருந்தவள். இப்போது அதைக் கையில் வாங்கக்கூடத் தயங்கினாள். விரலை மட்டும் நீட்டி, இரண்டாவது வரிக்கு மேலே, தாளைத் தொடாமல், காற்றில் நகர்த்தினாள்.

"எழுத்து எப்படி இருக்கு?"

"கோணல்."

"அவங்கப்பனும் கோணல்தான்." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நாலாவது?"

"நாலாவது கொஞ்சம் தேறியிருக்கு."

"தேறியிருப்பான். விட மாட்டான், பிடிச்சா விட மாட்டான்." அவள் தாளை மறுபடி எண்ணெய்த்தாளில் வைத்து, எது மேல்பக்கமோ அது மேலே இருக்கும்படி மடித்தாள். உள்ளே வைத்துக்கொண்டாள். பிறகு கரியில் கட்டைவிரலை அழுத்தினாள். "ஹியோன் கும்வோல். எழுது. அடுத்த மாசம் அவன் நாளு வருது. அன்னிக்கு ஒரு புதுத் தாள் எழுதிக் குடு. எரிக்கறதுக்கு."

"எழுதித் தரேன் பெரியம்மா."

"எனக்கும்," என்றாள் தம்பிகளை இழந்தவள், பின்னாலிருந்து. "எனக்கு ரெண்டு."

பட்டியலைத் தலைவரே பதினான்காம் நாள் நகரத்துக்குக் கொண்டுபோனார். பதினைந்தாம் நாள் சிறு வைக்கோல் படகில் அரிசியும் பழமும் வைத்துக் கடலில் விட்டுக் காற்றுத் தெய்வத்தை வழியனுப்பினார்கள். பதினாறாம் நாள் காலையில் லாரி வந்தது.

தகரம், சிமெண்டு, மரம். எல்லாவற்றையும் கற்சுவருக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். ஒப்படைப்பதற்கு முன் பெயரை வாசித்து ஆளைச் சரிபார்க்க வேண்டும் என்றான் மின். காற்று விட்டபாடில்லை. குரல் கேட்கட்டும் என்று அவன் அடுக்கியிருந்த மரத்தின்மேல் ஏறி நின்று தாளை விரித்தான்.

முப்பத்தோரு முகமும் ஒரே நேரத்தில் வெளுத்தன. யாரோ ஒருத்தி தன்னையறியாமல் தரையில் உட்கார்ந்தேவிட்டாள்.

"தம்பி," என்றாள் ஒக்வா. "கீழ இறங்கி நின்னு படி."

அவன் அவளைப் பார்த்தான். ஏன் என்று கேட்கவில்லை. இறங்கினான். கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்று, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்களிடம் பேசுவது போல வாசித்தான்.

"மூன் ஒக்வா."

அவளுக்குப் பதில் தெரியும். அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை. ஆழத்தில் இருப்பது போல நெஞ்சு இறுகியது, காது அடைத்தது. மின் தாளைப் பார்த்தபடி காத்திருந்தான். பிறகு எது தன்னை மேலே தள்ளியதோ தெரியாது, அடைத்திருந்த மூச்சு விசிலாக வெளியே வந்தது, பாறையடியிலிருந்து எழும்போது வருவது போலவே.

கூட்டத்தில் ஒருத்தி சிரித்துவிட்டாள். கும்வோல் சிரிக்கவில்லை, அந்த விசிலுக்குத் தலையை ஆட்டினாள், கடலில் ஆட்டுவது போல.

மின் நிமிர்ந்தான். "இதுக்கு நான் என்னன்னு எழுதட்டும்?"

"ஆள் இருக்குன்னு எழுது," என்றாள் கும்வோல். "அடுத்ததைப் படி."

"யாங் தல்லே."

தல்லேயின் விசில் எப்போதும் போல இரண்டு துண்டாக வந்தது. அடுத்தவளுடையது மெல்லியது. அடுத்தது கீச்சென்றது. தரையில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே விசிலடித்தாள். லாரிக்காரர் சிகரெட்டை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மின் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கோடிட்டுக்கொண்டே போனான். சீக்கிரமே எந்தச் சத்தம் யாருடையது என்று நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினான்.

"கிம் சுன்ஜா."

கோழிவீட்டுக்காரிக்கு விசில் வரவில்லை. உதட்டைக் குவித்தாள், காற்று மட்டும் வந்தது. மறுபடி குவித்தாள். பயத்தில் அவளுக்கு அதுவும் வராது போலிருந்தது. எல்லாரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, உரக்கச் சொன்னாள்:

"இருக்கேன்!"

அந்த வார்த்தையை ஊரில் ஏழு வருஷமாக யாரும் சொன்னதில்லை. அது சுவரில் பட்டு, மரத்தில் பட்டு, கடல்பக்கமாகப் போனது.

மின் அவள் பெயருக்கு நேரே கோடிட்டான். "உண்மையான கிம் சுன்ஜா நீங்கதானா?" என்றான். "வணக்கம்மா."

அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு மற்றதை. யாரும் அவளை எங்கும் கூட்டிப்போகவில்லை. தல்லே ஒரு தகரத்தின் முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இருக்கேன்னு சொன்னா போதுமா?" என்றாள். "வந்து அந்தப் பக்கம் பிடி."